விண்வெளிக்கு ஸ்டீயரிங் விற்றவள்

ராணிபென்னூர் ஜவுளிக்கடைக்காரர் மகள் ரத்னமாலா அங்கடி படிப்பை முடித்தபோது அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். கடை அண்ணன் சிவயோகியின் கைக்குப் போயிருந்தது. அவளுக்குக் கிடைத்தது, ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே மெஷின் விற்கும் வேலை. கதக், கொப்பள், பாகல்கோட்டை என்று பஸ் மாறி பஸ் மாறிப் போவாள். நர்சிங் ஹோம் வாசலில் நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்திருந்து, கூட்டம் கரைந்த பிறகு டாக்டரைப் பார்ப்பாள். விற்ற மெஷின் கெட்டுப்போனால், ரிப்பேர் செய்கிறவரோடு தானும் கிளம்பிவிடுவாள். கம்பெனியில் கேலி செய்வார்கள்.

"நீ எதுக்குப் போறே? ஸ்குரூ டிரைவர் எடுத்துக் குடுக்கவா?"

"டாக்டர் கோவமா இருப்பாரு. திட்டுறதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல," என்பாள் ரத்னமாலா.

வரன்கள் வந்தன. ஒருவருக்கு அவள் நிறம் பிடிக்கவில்லை. ஒருவர் ஊர் ஊராகச் சுற்றுவதை விடச் சொன்னார். இன்னொருவரை அவளே வேண்டாம் என்றாள். ஓட்டலில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தவனை அந்த மனிதர் கூப்பிட்ட விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பிறகு ஒரு காலத்தில் வரன்கள் வருவது நின்றுபோனது. மழை நின்று வெகுநேரம் கழித்துத்தான் சத்தம் இல்லை என்று தெரியுமே, அந்த மாதிரித்தான் அவளும் அதைத் தெரிந்துகொண்டாள். பெரிதாக வருத்தப்படவில்லை. பெங்களூருக்கு மாற்றலாகி, ராஜாஜிநகரில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டாள். நாற்பதைத் தாண்டியபோது அவளுடைய கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கியது. புதியவர்களுக்கு அவள் தேவைப்படவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், ஒரு மாதம் நன்றாகத் தூங்கவேண்டும் என்று முடிவு செய்தாள்.

தூங்க முடியவில்லை. கீழ்வீட்டிலிருந்து பகல் முழுக்க 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல். குக்கர் சத்தம் என்றால் விசிலோடு முடிந்திருக்கும். இது முடியவே இல்லை. மூன்றாம் நாள் சண்டை போடுவதற்கென்றே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே இறங்கினாள்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே சோபா இல்லை, கட்டில் இல்லை. கூடம் முழுக்கக் குழாய்களும் ஒயர்களும். ஒரு பையன் பீரோ கண்ணாடியைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தான். தரையில் உட்கார்ந்திருந்த பெண் அவனைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவன் பூர்ணசந்திரா, அவள் நஸ்ரீன் பானு. இருவரும் துமகூரில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். நல்ல வேலைகளை விட்டுவிட்டு 'மிஞ்சு' என்று ஒரு கம்பெனி தொடங்கியிருந்தார்கள். கன்னடத்தில் மிஞ்சு என்றால் மின்னல். மறுநாள் முதலீட்டாளர் ஒருவரைப் பார்க்கவேண்டும். அதற்குத்தான் அந்த ஒத்திகை.

"மன்னிச்சிடுங்க அக்கா, சத்தத்தை நிறுத்திடுறோம்," என்றாள் நஸ்ரீன்.

"சத்தம் கெடக்கட்டும். அவரு கண்ணாடிகிட்ட என்ன சொல்லிட்டிருந்தாரு? ஒரு வார்த்தை புரியல."

பூர்ணா விளக்கினான். சின்னச் சின்ன செயற்கைக்கோள்களை இப்போது நிறையப் பேர் மேலே அனுப்புகிறார்கள். பலவற்றுக்குத் தானாக நகர வழி கிடையாது. விட்ட பாதையிலேயே சுற்றும். எதிரே ஏதாவது வந்தால் ஒதுங்கக்கூட முடியாது. அவற்றுக்குள் வைக்கும் ஒரு சின்ன எஞ்சினை இவர்கள் செய்கிறார்கள். சீறியது அதற்கு வாயு செலுத்தும் குழாய்.

ரத்னமாலா யோசித்தாள். "அப்ப மேல சுத்துற வண்டிக்கெல்லாம் ஸ்டீயரிங்கே இல்ல. நீங்க ஸ்டீயரிங் விக்கிறீங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்படிச் சொன்னா ரொம்ப சாதாரணமா இருக்கே அக்கா," என்றான் பூர்ணா.

"சாதாரணமா இருந்தாத்தான்பா காசு போடுவான். பயம் இருக்கிற எடத்துல எவன் போடுவான்?"

சண்டை போட வந்தவள் மாலைக் காபி குடித்துவிட்டுத்தான் மேலே ஏறினாள். அடுத்த மாதம் அவள் மிஞ்சுவில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலீட்டாளர்களைத் தேடிப்பிடிப்பது அவள் பொறுப்பு. சம்பளத்துக்குப் பதில் கம்பெனியில் பங்கு தருகிறோம் என்றார்கள். "பங்கைக் குடுத்தா கடைக்காரன் பருப்பு போடுவானா?" என்று கேட்டு, பாதி சம்பளம் பாதி பங்கு என்று பேசி முடித்தாள்.

மெஷின் விற்பது வேறு, கனவுக்குப் பணம் கேட்பது வேறு என்று அவளுக்குப் போகப்போகத்தான் தெரிந்தது. மெஷின் வாங்குகிற டாக்டருக்கு நாளைக்கே எலும்பு முறிந்தவன் வருவான். முதலீட்டாளர் முன்னால் காட்ட ஒன்றும் இல்லை. கோரமங்களாவிலும் இந்திராநகரிலும் குளிரூட்டிய அறைகளில் அவள் பேசினாள். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். விண்வெளி என்றதும் கண்கள் விரியும். பணம் என்றதும் கைக்கடிகாரத்துக்குப் போகும்.

ஒருவர் சொன்னார்: "உங்க எஞ்சின் ஒரு தடவை மேல போய் வேலை செஞ்சிடட்டும் மேடம். அன்னைக்கே நான் ரெடி."

"மேல போறதுக்குத்தான் ஸார் காசு கேக்குறோம்."

"அதை யாராவது குடுத்துட்டா நாங்களும் குடுப்போம்."

வெளியே வந்ததும் பூர்ணாவிடம் சொன்னாள்: "கல்யாணம் ஆனவனுக்குத்தான் பொண்ணு குடுப்பேங்கிற மாதிரி இருக்கு இவங்க பேச்சு."

இன்னொருவர் நேராகப் பேசினார். வீட்டுக்கு மளிகை கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனி என்றால் அது பிழைக்குமா போகுமா என்று சீக்கிரமே தெரிந்துவிடும். விண்வெளிக் கம்பெனிக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். "எங்க கையில இருக்கிறதே அடுத்தவங்க காசு. கெடு வந்தா அவங்க திருப்பிக் கேப்பாங்களே," என்றார். ரத்னமாலாவால் அவர்மேல் கோபப்பட முடியவில்லை. நியாயமாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் போன் செய்வான்.

"என்ன ரத்னி, வானத்துல கடை போட எடம் கெடச்சுதா?"

"பாத்துட்டிருக்கேன் அண்ணா."

"வாடகை கேட்டுக்கோ. அட்வான்ஸ் அதிகமா இருக்கும்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வாமன் பாலிகாவைச் சந்தித்தாள்.

கோரமங்களாவில் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் பங்குதாரர்களில் அவரும் ஒருவர். கடலோரத்துக் குந்தாபுராக்காரர். பெரிய மூக்குக் கண்ணாடி, மடிப்புக் கலையாத பருத்திச் சட்டை. ரத்னமாலா பேசி முடிக்கும்வரை அவர் போனைத் தொடவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க எஞ்சின் ஓடலேன்னு வைங்க. அந்த செயற்கைக்கோள்காரர் யாரைப் புடிச்சுத் திட்டுவாரு?"

"என்னைத்தான்," என்றாள்.

அவர் சிரித்தார். இரண்டு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். முதலீடு செய்ய முடியாது என்று சொல்லத்தான் கூப்பிட்டது. ஆனால் ஏன் முடியாது என்பதைப் பொறுமையாக விளக்கினார்: காற்றில்லாத தொட்டிக்குள் எஞ்சினை இன்னும் எரித்துப் பார்க்கவில்லை, வாங்குகிறேன் என்று எழுதிக் கொடுத்த ஆளும் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் பதில் சொல்லாமலேயே காணாமல் போயிருந்தார்கள். "முடியாதுன்னு சொல்றதுக்கும் ஒரு மரியாதை வேணும். இந்த மனுஷன்கிட்ட அது இருக்கு," என்று அவள் நஸ்ரீனிடம் சொன்னாள்.

அவர் சொன்ன குறைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய ஆரம்பித்தார்கள். பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பழைய பட்டறையை வாடகைக்குப் பிடித்து வெற்றிடத் தொட்டி ஒன்றை நிறுத்தினார்கள். வாமன் பாலிகா வந்து பார்க்க ஒப்புக்கொண்ட நாளில் நல்ல மழை. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தார்.

எஞ்சின் எரியவில்லை. நஸ்ரீன் திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்தினாள். தொட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே ஒரு பொறிகூட இல்லை. அவள் எழுந்து கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பூர்ணா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். இனி பாலிகா கடிகாரத்தைப் பார்ப்பார், கிளம்புவார் என்று ரத்னமாலா நினைத்தாள்.

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "மழை விடுற மாதிரி இல்ல மாராயரே. சாப்பிட ஏதாவது இருக்கா?" என்றார். கடலோரத்து ஆட்களுக்கு யாராக இருந்தாலும் மாராயர்தான்.

அவளிடம் இருந்தது ஜோள ரொட்டி என்கிற சோள ரொட்டியும் வேர்க்கடலைச் சட்னிப் பொடியும். அரிசிச் சோற்றில் வளர்ந்தவர், அப்பளம் மாதிரி காய்ந்த அந்த ரொட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எப்படி மடிக்கிறது?"

"மடிக்காதீங்க. ஒடிங்க," என்று அவளே ஒடித்துத் தயிர் ஊற்றிக் கொடுத்தாள்.

நஸ்ரீன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அவர் அவளுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்து, எது எரியவில்லை, ஏன் எரியவில்லை என்று கேட்டார். சொல்லச் சொல்ல அவளுக்கே விஷயம் தெளிவானது. பேச்சு வேறு பக்கமும் திரும்பியது. மனைவி தவறிப்போய் வருஷங்கள் ஆகிவிட்டன என்றும், தானே சமைப்பதாகவும், எவ்வளவு முயன்றாலும் ஒருவருக்கு மட்டும் குழம்பு வைக்கத் தெரியவில்லை என்றும் அவர் சொன்னார்.

"மிச்சத்தை என்ன செய்வீங்க?" என்றாள் ரத்னமாலா.

"மறுநாளும் அதுதான். அதுக்கு மறுநாளும் அதுதான்."

அதன் பிறகு அவர் அடிக்கடி போன் செய்தார். எரிபொருள் எங்கே வாங்குகிறீர்கள், இடம் கொடுக்கிற ராக்கெட் எப்போது, போட்டிக்கு யார் யார் என்று கேள்விகள். அவள் சேகரித்து வைத்திருந்து பதில் சொல்லுவாள். போன் வைப்பதற்கு முன் மழை, முட்டைக்கோஸ் கூட்டு, அவருடைய மேல்வீட்டுக்காரரின் நாய் என்று ஏதாவது வந்துவிடும். அந்தப் பெயர் திரையில் தெரிந்தால் தன் குரல் மாறுவதை ரத்னமாலா கவனித்தாள். இது வேலைக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேலைக்காகவே காதில் புதுத் தோடு போட்டுக்கொண்டு கோரமங்களாவுக்குப் போனாள்.

எஞ்சின் எரிந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, தொட்டிக்குள் நீலமாக, விரல் நீளத்துக்கு ஒரு சுடர். அசையாமல் நின்று எரிந்தது. பூர்ணா தரையில் உட்கார்ந்துவிட்டான். ரத்னமாலா படத்தை பாலிகாவுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். பாராட்டுவார், அடுத்த கூட்டம் எப்போது என்பார் என்று அவள் காத்திருந்தாள்.

"நஸ்ரீன் சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார் அவர்.

அவள் சாப்பிட்டிருக்கவில்லை. முந்தின நாளிலிருந்தே சாப்பிட்டிருக்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடி ரத்னமாலா பட்டறை வாசலில் நின்றாள். வரன்கள் நின்றுபோன பிறகு தன் மனசின் அந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்துவிட்டதாக அவள் நினைத்திருந்தாள். பூட்டவே இல்லை போலிருக்கிறது.

பாலிகாவின் நிறுவனத்தில் மிஞ்சுவை மறுபடி எடுத்துப் பேச முதலீட்டுக் குழு கூடும் நாள் வந்தது. பாலிகா நம் பக்கம் இருக்கிறார், இது நடந்த மாதிரிதான் என்று பூர்ணா தட்டு இட்லி வாங்கி வைத்துவிட்டான். மதியம் பதில் வந்தது. இரண்டே வரி. தற்சமயம் முதலீடு செய்வதற்கில்லை.

ரத்னமாலா விசாரித்தாள். அந்த அலுவலகத்தில் அவளுக்குத் தெரிந்த பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: பேச்சு தொடங்கும்போதே பாலிகா எழுந்துவிட்டாராம். 'இந்தக் கம்பெனியைப் பத்தி நான் கருத்து சொல்றது சரியா இருக்காது' என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாராம். இத்தனை மாதம் துருவித் துருவிப் பார்த்தவரே ஒதுங்குகிறார் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று மற்றவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

அவள் ஆட்டோ பிடித்து நேராக அங்கே போனாள். அலுவலக வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் அவரை நிறுத்தினாள்.

"உள்ள என்ன ஸார் சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"அதைத்தான் கேக்குறேன். எங்க கம்பெனியைக் கொடஞ்சு கொடஞ்சு பாத்தீங்க. கெட்டதுன்னா கெட்டதுன்னு சொல்லுங்க, பொறுத்துக்குறேன். வாயைத் தொறக்காம எந்திரிச்சுப் போனா என்ன அர்த்தம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"இதுல பணம் போடலாமான்னு என்னையே கேட்டுப் பாத்தேன். போடலாம்னு தோணுது. ஏன்னு கேட்டா எஞ்சின் ஞாபகம் வரல. நீங்க ரொட்டி ஒடிச்சுக் குடுத்ததுதான் ஞாபகம் வருது. இதை வச்சுகிட்டு ஊரார் காசை எப்படிங்க போடச் சொல்றது?"

அவளுக்குப் புரியக் கொஞ்சநேரம் பிடித்தது. புரிந்ததும் கோபம் எங்கேயோ போய்விட்டு, போன வேகத்தில் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

"இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது மாராயரே? இந்த வயசுல..."

"சொல்லியிருக்கணும். அந்தப் பொம்பளைய எனக்குப் புடிச்சிருக்கு, அதனால ஒதுங்குறேன்னு சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாங்க. அவ்வளவுதானே? இப்ப எங்க எஞ்சின்ல ஓட்டைன்னு நெனச்சுட்டாங்க. உங்களுக்கு வெக்கம். அதுக்கு அபராதம் கட்டுறது பூர்ணாவும் நஸ்ரீனுமா?"

முகம் வெளுத்துப்போனது. அவள் திரும்பி நடந்து, எதிரே வந்து நின்ற ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டாள். அது எங்கே போகிற பஸ் என்று பார்க்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. கோபத்தில் வந்த தண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தாள். இந்த நிறத்தையும் இந்த முகத்தையும் வேண்டாம் என்பதற்குக் காரணமாகச் சொன்னவர்கள் உண்டு. ஒரு மனிதனின் கணக்கையே குழப்புகிற அளவுக்கு அதே முகம் அவன் மனசில் நிற்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது எங்கே இறங்கவேண்டும் என்று சொல்லத் தெரியாமல், கடைசி ஸ்டாப் என்றாள்.

மறுவாரம் அந்த நிறுவனத்திலிருந்து சாருலதா ராவ் பேசினார். பங்குதாரர்களிலேயே கறாரானவர் என்று பெயர் எடுத்தவர்.

"பாலிகா வந்து எங்க எல்லாரையும் உக்கார வச்சு ஒரு விஷயம் சொன்னாரு. இந்த ஆபீஸ்ல அப்படிச் செவந்த முகத்தை நான் பாத்ததே இல்ல."

ரத்னமாலாவின் காது சூடாகியது. "மேடம், எனக்கு அவரோட..."

"அது உங்க சொந்த விஷயம். அவர் இனிமே இதுல இல்ல. உங்க கம்பெனியை மொதல்லேர்ந்து நான் பாக்கப்போறேன். எனக்கு உங்க மேல அந்த மாதிரி ஆசை எதுவும் கெடையாது. அதனால கேள்வியெல்லாம் கசக்கும்."

கசந்தன. கோடைக்காலம் முழுவதும் சாருலதா கேட்டார். எஞ்சினைத் தனக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவரிடம் காட்டினார். பூர்ணாவின் விற்பனைக் கணக்கைப் பாதியாகக் குறைத்தார். ரத்னமாலாவிடமே ஒருநாள், "உங்களுக்கு இந்தத் துறையில அனுபவம் இல்ல. நாளைக்கு வெளிநாட்டுக்காரன்கிட்ட போய் விக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டார். தெரியாது, முயற்சி செய்கிறேன் என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது. அன்று வீட்டுக்கு வந்து ஆங்கில உச்சரிப்பைப் பீரோ கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள்.

கடைசியில் சாருலதா சரி என்றார். ஒரு நிபந்தனை: தேவையானதில் பாதியைத்தான் அவர்கள் போடுவார்கள். மீதியை வேறு யாராவது போடவேண்டும். "எங்களைத் தவிர இன்னும் சிலபேராவது நம்பணும். அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும்," என்றார்.

பெங்களூரில் போகாத வாசல் இல்லை. யாரும் மிச்சமில்லாதபோது ரத்னமாலா கதக் பஸ்ஸில் ஏறினாள். முன்பு அவளிடம் மெஷின் வாங்கிய டாக்டர் வீரபத்ர ஹொசமனி தலைநரைத்து, அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"நீங்க வித்த எக்ஸ்ரே மெஷின் கெட்டப்ப கொட்டுற மழையில வந்து நின்னீங்க. இது மேல போய்க் கெட்டா ரிப்பேருக்கு யாரு போவா?"

"யாரும் போக முடியாது டாக்டர். அதனாலதான் கீழேயே நூறு தடவை கெட வச்சுப் பாக்குறோம்."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். "போட்ட காசு திரும்பி வருமா?"

"வரலாம். வராமலும் போகலாம். வந்தாலும் சீக்கிரம் வராது. பொண்ணு கல்யாணத்துக்கு வச்சிருக்கிறதைப் போடாதீங்க. போனா போகட்டும்னு இருக்கிறதைப் போடுங்க."

"விக்க வந்தவங்க பேசுற பேச்சா இது?"

"இது வேற மாதிரி விக்கிறது டாக்டர். நீங்க போட்டுட்டு ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தா எனக்கும் தூக்கம் வராது."

அவர் பெல்லாரியில் தெரிந்த ஒரு டாக்டரைக் கூப்பிட்டார். பெல்லாரி டாக்டர் கொப்பளில் தன் மச்சானைக் கூப்பிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹூப்ளியில் ஒரு ஓட்டலின் மாடியில் டாக்டர்கள் கூடினார்கள். நஸ்ரீன் எஞ்சினை மேஜைமேல் வைத்தாள். கைக்கு அடக்கமாக, தண்ணீர்ச் செம்பு அளவு. இதற்கா இத்தனை என்று சிலர் சிரித்தார்கள். மகப்பேறு டாக்டரம்மா ஒருவர் மட்டும் அதைக் கையில் எடுத்து, பிறந்த குழந்தையைப் போல எடை பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். எல்லாரும் போடவில்லை. போதுமான அளவுக்குச் சிலர் போட்டார்கள்.

கையெழுத்துகள் எல்லாம் முடிந்த நாள். பட்டறையில் பூர்ணாவும் நஸ்ரீனும் பேல்பூரி வாங்கி வந்து ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருந்தார்கள். ரத்னமாலா வாசலுக்கு வந்தாள். இத்தனை மாதங்களில் வாமன் பாலிகா ஒரு போன் செய்யவில்லை, ஒரு செய்தி அனுப்பவில்லை. அவர் அப்படி இருப்பார் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு முறை போன் அடித்தபோதும் பெயரைப் பார்த்திருக்கிறாள்.

கூப்பிட்டாள்.

"பாலிகா ஸார், கையெழுத்து ஆயிடுச்சு. இனிமே அந்த விஷயத்துல உங்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்ல."

"ரொம்ப சந்தோஷம்," என்றார் அவர்.

"நமக்குள்ள சம்பந்தம் உண்டா இல்லையான்னு பேசணும். இட்லி சாப்பிட வர்றீங்களா?"

மல்லேஸ்வரத்தில் நின்றுகொண்டே சாப்பிடுகிற ஒரு சிறிய ஓட்டலில் பேசினார்கள். உயரமான கல்மேஜை. பக்கத்தில் யார் யாரோ வந்து காபி குடித்துப் போனார்கள். அன்றைக்கு அப்படித் திட்டியிருக்கக் கூடாது என்றாள் அவள். திட்டியதால்தான் தைரியம் வந்தது என்றார் அவர். சட்னி தீர்ந்துபோய், வெறும் இட்லியை அவர் பிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் மீன் திம்பேன்," என்றார் திடீரென்று, ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வது போல. "உங்க வீட்டுல முட்டைகூடத் தொடமாட்டாங்களே."

"தின்னுங்க. தனிச் சட்டி, தனி அடுப்பு. ஜன்னலைத் தொறந்து வச்சிட்டுச் செய்யுங்க."

"அப்ப சரிங்கிறீங்களா?"

"எனக்குக் குழம்பு ரெண்டு பேருக்கு வைக்கத் தெரியாது. ஒருத்திக்குத்தான் தெரியும். கத்துக்கணும்," என்றாள் ரத்னமாலா.

சிவயோகி முதலில் நம்பவில்லை. "கடலோரத்து ஆளா? மீன் திம்பானே அவன்?"

"திம்பாரு அண்ணா."

"நம்ம வீட்டுல எப்படி ரத்னி..."

"நம்ம வீட்டுல இல்ல. அவர் வீட்டுல."

போனை வைத்துவிட்டான். ஆனால் பதிவு அலுவலகத்துக்கு வந்துவிட்டான், மனைவியோடும் பெரிய துணி மூட்டையோடும். கூப்பிடுவதற்காகக் காத்திருந்த நேரம் முழுக்க, மாப்பிள்ளையின் சட்டை நுனியை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "நல்ல நூல். எங்க எடுத்தீங்க?" என்று கேட்டான். அதோடு அவனுடைய எதிர்ப்பு முடிந்தது. சாட்சிக் கையெழுத்து போட்டவர்களில் சாருலதா ராவும் உண்டு. அவர் வாழ்த்திவிட்டுக் கறாராக ஒன்று சொன்னார்: வீட்டில் மிஞ்சு பற்றிப் பேச்சே இருக்கக்கூடாது. இவர் கேட்கவும் கூடாது, அவள் சொல்லவும் கூடாது.

இருவரும் அதைக் கடைப்பிடித்தார்கள். அவள் சோர்ந்து வந்தால் அவர் ஏன் என்று கேட்கமாட்டார்; வெந்நீர் போட்டு வைப்பார். மிஞ்சுவின் எஞ்சின் வைத்த செயற்கைக்கோளோடு ராக்கெட் கிளம்பியது நாட்டுக்கே தெரிந்த செய்தி என்பதால் அதை மட்டும் இருவரும் சேர்ந்து தொலைக்காட்சியில் பார்த்தார்கள். செயற்கைக்கோள் நல்லபடியாகப் பிரிந்தது. ஆனால் எஞ்சினை இயக்குவது அதற்குப் பிறகுதான். முதல் முயற்சியில் பதில் வரவில்லை. நஸ்ரீன் போனில் சொன்னாள். ரத்னமாலா பால்கனியில் நின்று கேட்டுவிட்டு உள்ளே வந்து, ஒன்றும் சொல்லாமல் வெண்டைக்காய் நறுக்கினாள். வாமன் அவளைப் பார்த்தார். கேட்கவில்லை. வெண்டைக்காயில் பாதியைத் தன் பக்கம் இழுத்து அவரும் நறுக்கினார். இப்படிச் சில நாட்கள் போயின. கீழிருந்து எஞ்சினுக்கு அனுப்பிய ஒரு ஆணையில் தவறு என்று தெரிந்து, அதைத் திருத்தி அனுப்பினார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலை. அவர் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். அவளுடைய போன் அடித்தது. மறுமுனையில் நஸ்ரீனும் பூர்ணாவும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எஞ்சின் எரிந்திருக்கிறது. செயற்கைக்கோள் இருந்த பாதையை விட்டு ஏறியிருக்கிறது, கொஞ்சம்தான், ஆனால் ஏறியிருக்கிறது. தானாக நகர்ந்திருக்கிறது. கேட்டுக்கொண்டே ரத்னமாலா சமையலறை நிலைப்படியில் சாய்ந்தாள். போனை வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வாமன் தோசைத் திருப்பியோடு நின்றுகொண்டிருந்தார். கல்லில் தோசை கருக ஆரம்பித்தது.

"இன்னும் கொஞ்ச நேரத்துல பேப்பர்காரங்களுக்கே சொல்லிடுவாங்க," என்றாள் அவள். "கேக்கலாம். தப்பில்ல."

"வேண்டாம். பேப்பர்லயே பாத்துக்குறேன்," என்றார் அவர். "நீ மொதல்ல உக்காரு. சாப்பிடு."

அவள் உட்கார்ந்தாள். கருகிய தோசையை அவர் தன் தட்டில் போட்டுக்கொண்டு, அவளுக்குப் புதிதாக ஒன்று ஊற்றினார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் தோசை வட்டமாக வரவில்லை. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.